ஓர் ஆராய்ச்சியாளரின் மேற்கோள் கணக்கை எப்படி எழுதுவது?

நூலகர்:

அனைவருக்கும் வணக்கம். விரைவில் பணி ஓய்வு பெறவிருக்கும் ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளரின் வெளியீடுகளைப் பற்றியும் அவை பெற்ற மேற்கோள்களைப் பற்றியும் (பிறர் தம் ஆய்வுகளில் அவற்றைச் சுட்டியிருப்பதைப் பற்றியும்) ஒரு குறிப்பு எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நான் நூலகப் பணியில் இருப்பவன். மருத்துவம் படித்தவன் அல்லன். ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் மூன்று தளங்களில் பார்த்தேன். அவருடைய எச்-இண்டெக்ஸ் என்ற மேற்கோள் குறியீட்டு எண் கூகுள் ஸ்காலரில் 41 என்றும், ஸ்கோபஸில் 29 என்றும், வெப் ஆஃப் சயின்ஸில் 26 என்றும் காட்டுகிறது. ஒரே மனிதருக்கு மூன்று எண்கள் இருந்தால் எதை எழுதுவது?

இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் பெயரில் மிக அதிகமாக மேற்கோள் பெற்றிருப்பது பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வின் கட்டுரை; அதில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்கு நடுவே அவர் பெயரும் இருக்கிறது. அவரே தம் வாழ்நாளின் முக்கியமான பணி என்று சொல்லும் கட்டுரைக்கோ மிகக் குறைந்த மேற்கோள்களே வந்துள்ளன. எண்களை மட்டும் வைத்து எழுதினால் அவருக்கு நியாயம் செய்ததாகாது என்று தோன்றுகிறது. எண்களை விட்டுவிட்டால் வெறும் புகழுரை ஆகிவிடும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அளவியல் மாணவி:

மூன்றுமே சரியான எண்கள்தாம், ஐயா. ஒவ்வொரு தளமும் எதை எண்ணுகிறதோ அதைத்தான் காட்டுகிறது. கூகுள் ஸ்காலர் இணையத்தில் கிடைக்கும் ஆய்வேடுகள், கருத்தரங்கத் தாள்கள், முன்பதிப்புகள் (ஆய்விதழின் மதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் வெளியிடப்படும் கட்டுரைகள்), நூல்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்கள், நூல்கள், கருத்தரங்கத் தொகுப்புகள் ஆகியவற்றுக்குள் மட்டுமே எண்ணுகின்றன. ஆகவே அங்கே எண் குறைவது இயல்பு. ஏதேனும் ஒரு தளத்தைத் தேர்ந்துகொண்டு, அதன் பெயரையும் பார்த்த தேதியையும் எண்ணின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அவ்விரண்டும் இல்லாத மேற்கோள் எண்ணுக்குப் பொருளே கிடையாது.

எழுதுவதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது: அந்த எண்கள் உண்மையிலேயே அவருடையவைதாமா என்று பாருங்கள். தலைப்பெழுத்து முன்னால் வந்தால் ஒருவர், பின்னால் வந்தால் இன்னொருவர் என்று தரவுத்தளங்கள் ஒரே ஆளை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதும், அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரைகளைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2012-இல் ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் நடைமுறைக்கு வந்தது. அவரிடம் அது இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். இல்லாவிட்டால் அவருடைய சொந்த வெளியீட்டுப் பட்டியலை வாங்கி வரிவரியாக ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

எச்-இண்டெக்ஸ் என்றால் என்ன என்பதையும் குறிப்பில் ஒரு வரி எழுதுவது நல்லது. இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த கணக்கு அது. ஒருவருடைய கட்டுரைகளில் எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை மேற்கோள்களாவது பெற்றிருக்கின்றனவோ, அந்த மிகப் பெரிய எண்தான் எச். ஒருவருடைய 7 கட்டுரைகள் முறையே 40, 22, 15, 9, 6, 5, 2 மேற்கோள்கள் பெற்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள்கள் இருக்கின்றன, ஆறாவதற்கு 5 மட்டுமே. ஆகவே எச் 5. முதல் கட்டுரையின் 40 நாளை 4,000 ஆனாலும் எச் அதே 5-தான். துறையையே திருப்பிப்போட்ட ஒற்றைக் கட்டுரையை இந்தக் கணக்கு கண்டுகொள்ளாது என்பதை இதிலிருந்தே உணரலாம். ஒரு முறை ஏறிய எண் இறங்குவதும் இல்லை என்பதால், நீண்ட காலம் பணியாற்றியவருக்கு அது எப்போதும் சாதகமாகவே இருக்கும். தமது அளவுகோல் தீய விளைவுகளையும் உண்டாக்கக்கூடும் என்று 2020-இல் ஹிர்ஷே எழுதிவிட்டார்.

துறைக்குத் துறை மேற்கோள் பழக்கம் மாறுவதால், ஸ்கோபஸ் தரும் துறைவாரி ஒப்பீட்டு எண்ணையும் பாருங்கள். அதே துறையில், அதே ஆண்டில், அதே வகையில் வெளிவந்த கட்டுரைகளின் உலக சராசரியை 1.00 என்று வைத்து, ஒரு கட்டுரை எங்கே நிற்கிறது என்று அது சொல்லும். அரிய நோய் ஒன்றை ஆராய்பவரையும் இதய நோயை ஆராய்பவரையும் மொத்த மேற்கோளை வைத்து ஒப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மருத்துவ ஆய்வாளர்:

மேலே சொன்னவை எண்ணும் முறையைப் பற்றியவை. என் கவலை எண்ணுக்குப் பின்னால் இருப்பதைப் பற்றியது. மேற்கோள் எப்போதும் பாராட்டாக இருப்பதில்லை. எம்.எம்.ஆர். தடுப்பூசியை (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கு எதிரானது) ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திப் பேசிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை 12 குழந்தைகளை மட்டுமே வைத்து எழுதப்பட்டது. அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் 2010-இல் அதை முற்றிலுமாகத் திரும்பப் பெற்றது. அந்தக் கட்டுரைக்கு மேற்கோள்கள் ஏராளம். அவற்றில் பெரும்பகுதி அதை மறுப்பதற்காகவோ, தவறான ஆய்வுக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டுவதற்காகவோ எழுதப்பட்டவை. எண்ணிக்கையைக் கூட்டும் இயந்திரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் பெற்ற கட்டுரை எது என்று 2014-இல் நேச்சர் இதழ் பட்டியலிட்டபோது, முதலிடத்தில் வந்தது ஆலிவர் லவ்ரியும் அவருடைய உடன் பணியாளர்களும் 1951-இல் எழுதிய, கரைசலில் உள்ள புரதத்தின் அளவைக் கண்டறியும் முறை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் பெற்றிருந்தும், அது மகத்தான கட்டுரையொன்றும் அல்ல என்று லவ்ரியே எழுதியிருக்கிறார். ஆய்வகத்தில் அன்றாடம் தேவைப்படும் ஒரு முறையைத் தெளிவாக எழுதிவைத்ததற்குக் கிடைத்த எண் அது. பயன்பாட்டை அளந்தது என்று சொல்லலாம். அறிவின் ஆழத்தை அளந்தது என்று சொல்ல முடியாது.

உங்கள் ஆராய்ச்சியாளரின் குறைந்த மேற்கோள் பெற்ற கட்டுரையைப் பற்றிப் படித்ததும் எனக்கு சம்பு நாத் டே-யின் நினைவு வந்தது. காலரா கிருமி சுரக்கும் நச்சுப்பொருளே குடலிலிருந்து நீரை வெளியேறச் செய்கிறது என்பதை அவர் கொல்கத்தாவில் நிறுவினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, கிருமிகளை முழுவதும் வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீர்மத்தை அதற்குள் செலுத்தினார். கிருமி ஒன்றுகூட இல்லாத நிலையிலும் அந்தக் குடற்பகுதி நீர் கோத்து வீங்கியது. இந்தச் சோதனை 1959-இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. காலராவைப் புரிந்துகொள்வதற்கே அடிப்படையான இந்தப் பணிக்கு உரிய கவனம் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. மேற்கோள் அட்டவணைகளுக்கு வழிவகுத்த யூஜின் கார்ஃபீல்டு அதன் தாக்கத்தை ஆராய்ந்து எழுதியது 1986-இல். டே அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

ஆகவே அந்தக் கட்டுரையின் எண்ணிக்கையைப் பார்த்துத் தயங்காமல், அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று பாருங்கள். ஒரு சிகிச்சை வழிகாட்டு நெறியின் பரிந்துரைக்குக் கீழே அது ஆதாரமாக நிற்கிறதா? வேறொரு குழு அந்த முறையைத் தன் ஆய்வில் அப்படியே கையாண்டிருக்கிறதா? அல்லது முன்னுரையில் "இதைப் பற்றிப் பலர் ஆராய்ந்துள்ளனர்" என்ற வாக்கியத்துக்குப் பின்னால் பத்தோடு பதினொன்றாக வந்திருக்கிறதா? குறைந்த மேற்கோள்கள் என்றால் அத்தனையையும் திறந்து, அது குறிப்பிடப்படும் வாக்கியத்தைப் படித்துவிட முடியும். அந்த வாக்கியங்களில் இரண்டு மூன்றின் சாரத்தை உங்கள் குறிப்பில் எழுதினால், எந்தக் குறியீட்டு எண்ணும் சொல்லாததைச் சொன்னதாகும்.

பழைய உறுப்பினர்:

எண்களைக் குறை சொல்வது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. எண்கள் இல்லாத காலத்தில் யாரைப் பாராட்டுவது என்பதை முகப்பழக்கமும் பதவியும்தான் தீர்மானித்தன என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. செல்வாக்கு இல்லாத இடத்தில் அமைதியாக வேலை செய்த ஒருவருக்கு, தம்மைப் பற்றிப் பேச அந்த எண் ஒன்றுதான் இருக்கும். முதல் பக்கத்திலேயே எண்ணைக் கொடுங்கள். விளக்கம் பின்னால் வரட்டும். தமக்குத் தாமே தந்துகொண்ட மேற்கோள்களை நீக்கிய எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நூலகர்:

மூவருக்கும் நன்றி. ஸ்கோபஸ் எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். பெயர்க் குழப்பத்தைச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டேன். அதே பெயரில் எலும்பு மருத்துவர் ஒருவரின் கட்டுரைகள் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் கலந்திருப்பது இப்போதுதான் தெரிகிறது. அந்தப் பன்னாட்டுக் கட்டுரையை மட்டும் என்ன செய்வது? பட்டியலில் முதலில் அதுதான் வருகிறது.

அளவியல் மாணவி:

நீக்க வேண்டாம், ஐயா, தனியே வையுங்கள். நூற்றுக்கணக்கானோர் எழுதிய கட்டுரைக்கு வரும் மேற்கோளை, தரவுத்தளங்கள் அவர்களில் ஒவ்வொருவரின் கணக்கிலும் முழு மேற்கோளாகவே ஏற்றுகின்றன. மருத்துவக் கட்டுரைகளில் பெரும்பாலும் முதல் பெயர் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வை வழிநடத்தியவருடையது. ஆகவே அவர் முதல், கடைசி அல்லது தொடர்பு ஆசிரியராக (கட்டுரை பற்றிய கடிதத் தொடர்புக்குப் பொறுப்பானவராக) இருக்கும் கட்டுரைகளைத் தனிப் பட்டியலாக்கி, அவற்றுக்கு மட்டும் மேற்கோள் எண்ணிக்கையைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். பன்னாட்டு ஆய்வுகளுக்கு இன்னொரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் அவர் செய்தது என்ன என்று எழுதுங்கள். நோயாளிகளைச் சேர்த்தாரா, தரவைப் பகுத்தாரா, திட்ட வரைவில் பங்கெடுத்தாரா என்பதைப் பல ஆய்விதழ்கள் கட்டுரையின் இறுதியில் ஆசிரியர் பங்களிப்பு என்ற தலைப்பில் அச்சிடுகின்றன. அங்கே இல்லாவிட்டால் அவரிடமே கேளுங்கள். ஓய்வு பெறுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.