தம்பிக்கு ஆட்டிசம், நாங்க குழந்தை பெத்துக்கலாமா?

காவிரிக்கரை31 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னைக்குத்தான் எழுதுறேன். வயசு 31, திருச்சி பக்கம், கல்யாணமாகி மூணரை வருஷம். என் தம்பிக்கு 26 வயசு, ஆட்டிசம். பேச்சு பத்து பதினஞ்சு வார்த்தைதான், அதுலயும் பாதி எங்க வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான் புரியும். தாளிக்காத தயிர்சாதம், அவிச்ச உருளைக்கிழங்கு, பிஸ்கட், இத விட்டா வேற எதுவும் தொடமாட்டான். தீபாவளி வந்தா வெடிச் சத்தத்துக்குக் கையக் கடிச்சே புண்ணாக்கிக்குவான், அதனால வருஷாவருஷம் அப்பா அவனக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வெளிய இருக்குற தோட்டத்துக்குப் போயிடுவாரு. எங்கம்மா ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் உக்காந்து சாப்பிட்டு 12 வருஷம் ஆச்சு. ஆனா நான் ஊருக்கு வர்றேன்னு போன்ல சொல்லிட்டா காலையில இருந்தே வாசல் கேட்டப் புடிச்சுக்கிட்டு நிப்பான், நான் வந்ததும் என் பையத் தொறந்து துப்பட்டாவ எடுத்து மோந்து பாத்துட்டு உள்ள போயிடுவான். அவன்மேல எனக்கு அவ்ளோ பாசம்.

இப்ப மாமியார் வீட்டுல ‘விசேஷம் எதுவும் இல்லையா’ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. வீட்டுக்காரர் நல்லவர், உன் முடிவுதான்னு சொல்லிட்டாரு. எனக்குத்தான் பயமா இருக்கு. குழந்தைக்கும் வருமா, ஸ்கேன்ல முன்னாடியே தெரியுமா, நாளைக்கு அப்பா அம்மா காலத்துக்கு அப்புறம் தம்பியும் என் பொறுப்பு, ரெண்டையும் என்னால தூக்க முடியுமான்னு ராத்திரியெல்லாம் இதே ஓடுது. இன்னொன்னு, அம்மாவோட தாய்மாமா ஒருத்தர் கடைசி வரைக்கும் யார்கிட்டயும் பேசாம மாட்டுக்கொட்டாயிலயே இருந்து செத்துப்போனாராம். அப்ப அதுக்கு யாரும் பேர் வைக்கல.

ரெண்டுபிள்ளைத்தாய் எழுதியது:

தங்கச்சி, நான் மதுரை. என் பெரியவனுக்கு 9 வயசு, ஆட்டிசம். ரெண்டாவது வேணுமான்னு நாங்க மூணு வருஷம் யோசிச்சோம். ஒரு பிள்ளைக்கு இருந்தா அடுத்த பிள்ளைக்கு நூத்துக்கு இருபது வாய்ப்புன்னு டாக்டர் சொன்னாரு, ஆம்பளப் பிள்ளைன்னா இன்னும் கூட. நீ அக்கா, உனக்கு அந்தக் கணக்கு வராது, அதத் தெரிஞ்சவங்க சொல்லுவாங்க.

எங்களுக்குப் பொண்ணு பொறந்தா. அவளுக்கு இல்ல. ஆனா முதல் ரெண்டு வருஷம் அவ சிரிச்சாக்கூட நான் அத சிரிப்பாப் பாக்கல தங்கச்சி, பேர் சொன்னாத் திரும்புறாளா, விரல நீட்டிக் காட்டுறாளா, கண்ணப் பாக்குறாளான்னு பரீட்சை மாதிரியே பாத்துக்கிட்டு இருந்தேன், அந்த ரெண்டு வருஷம் எனக்குத் திரும்பக் கிடைக்காது. பெத்துக்கிட்டா அந்தத் தப்ப நீ பண்ணாத. 18 மாசத்துலயும் ரெண்டு வயசுலயும் கேள்வித்தாள் வச்சு ஒரு செக்கப் பண்ணுவாங்க, அதப் பண்ணிடு, மத்த நாள்ல குழந்தையக் கொஞ்சு.

காசு விஷயத்தையும் சொல்லிடுறேன், யாரும் சொல்றதில்ல. ஸ்பீச் தெரபி, ஓ.டி. (அன்றாட வேலைங்களுக்குப் பழக்குற தெரபி), ஸ்பெஷல் ஸ்கூல் எல்லாம் சேத்து எங்களுக்கு மாசம் 22,000 போகுது. வேலைய விட்டது நான்தான். புகுந்த வீட்டுல ‘உங்க வம்சத்துல இருக்கு’ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க, அது இன்னைக்கும் நெஞ்சுல நிக்குது. உன் வீட்டுக்காரர அதுக்கு முன்னாடியே அவங்க அம்மாகிட்ட பேச வச்சிடு.

மரபணுமேசை எழுதியது:

நான் ஜெனடிக் கவுன்சிலிங்ல, அதாவது பரம்பரையா வர்ற நோய் பத்தி குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்ற பிரிவுல, வேலை பாக்குறேன். உங்க ஃபைல் பாக்காம உங்களுக்குன்னு எதுவும் சொல்ல முடியாது, பொதுவா சொல்றேன்.

ஸ்வீடன்ல 2003ல இருந்து 2012 வரைக்கும் பொறந்த குழந்தைங்க பதிவேட்ட வச்சு 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு, கிட்டத்தட்ட உங்க கேள்வியேதான் அது. அம்மாவோட இல்ல அப்பாவோட கூடப்பொறந்தவங்களுக்கு ஆட்டிசம் இருந்தா, குழந்தைக்கு நூத்துக்கு மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் வாய்ப்பு. பொதுவா எல்லாக் குழந்தைங்களையும் எடுத்தாலே அங்க நூத்துக்கு ஒண்ணரை இருக்கு. அதாவது ரெண்டு மூணு மடங்கு கூட, ஆனாலும் நூறுல 95 குழந்தைக்கு இல்ல. ‘மூணு மடங்கு’ன்னு மட்டும் கேட்டா தூக்கம் போயிடும், முழுக்கணக்கையும் பாருங்க.

ஸ்கேன்ல ஆட்டிசம் தெரியாது. கர்ப்பத்துல கண்டுபிடிக்க ஆட்டிசத்துக்குன்னு ஒரு டெஸ்ட்டும் கிடையாது. நூத்துக்கணக்கான ஜீன் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்து வர்றதுதான் பெரும்பாலும். ஆனா சில குடும்பத்துல மட்டும் ஒரே ஒரு ஜீன் காரணமா இருக்கும், அத டெஸ்ட் பண்ணலாம். அந்த டெஸ்ட்ட முதல்ல பண்ண வேண்டியது உங்களுக்கு இல்ல, உங்க தம்பிக்கு. அவருக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் உங்ககிட்ட எதத் தேடணும்னு தெரியும், பல பேர் இத மாத்திப் பண்ணி காச வீணாக்குறாங்க. குரோமோசோம்ல சின்னத் துண்டு ஏதாவது குறைஞ்சிருக்கா, கூடியிருக்கான்னு பாக்குற மைக்ரோ அரேன்னு ஒண்ணு, கூடவே ஃப்ரஜைல் எக்ஸ்ங்கிற ஒரு பரம்பரைக் கோளாறுக்கான டெஸ்ட்.

இப்ப ஒரு கேள்வி, சங்கடமா நினைக்காதீங்க. அம்மாவோட தாய்மாமா, அப்புறம் உங்க தம்பி, ரெண்டும் அம்மா வழியில வர்ற ஆம்பளைங்க. ஃப்ரஜைல் எக்ஸ் எக்ஸ் குரோமோசோம்ல இருக்குற கோளாறு, பொம்பளைங்க வழியா வெளிய தெரியாமலே இறங்கி வரும். அத லேசா சுமக்குற பொம்பளைங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு 40 வயசுக்குள்ளயே பீரியட்ஸ் நின்னுடும். உங்கம்மாவுக்கு எப்ப நின்னுச்சுன்னு கேட்டுப் பாருங்க. ஆட்டிசம் இருக்குறவங்கள்ல ரொம்பச் சின்னப் பங்குக்குத்தான் இது காரணம், அதனால இதுதான்னு முடிவு பண்ணிடாதீங்க.

அண்ணன்வீடு எழுதியது:

சென்னை, 44 வயசு. என் அண்ணனுக்கு ஆட்டிசம், அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல, அவர் எங்ககூடத்தான் இருக்காரு. நானும் என் மனைவியும் குழந்தை வேண்டாம்னு முடிவு பண்ணோம். ஜீன் கணக்குக்காக இல்ல, எங்க ரெண்டு பேர் சம்பளம், ரெண்டு பேர் உடம்பு, ஒரு சின்ன வீடு, அதுக்குள்ள அண்ணன நல்லா பாத்துக்கணும்னா இதுதான் முடியும்னு தோணுச்சு. சில ராத்திரி மனைவி எதுவும் பேசாம உக்காந்திருப்பா, ஏன்னு எனக்குத் தெரியும், நான் கேக்க மாட்டேன். அதையும் சேத்துத்தான் சொல்றேன்.

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்மா. தம்பி பொறுப்பையும் குழந்தை விஷயத்தையும் ஒரே முடிச்சாப் போட்டு வச்சிருக்கீங்க. தம்பிக்கு இப்பவே செய்ய வேண்டியதச் செஞ்சிடுங்க: யூ.டி.ஐ.டி.ங்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட் தர்ற நிராமயா மருத்துவ இன்சூரன்ஸ் (வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும்), கலெக்டர் தலைமையில இருக்குற உள்ளூர்க் கமிட்டியில சட்டப்படி கார்டியன் மனு. 18 வயசு தாண்டிட்டா அப்பா அம்மாவே ஆனாலும் கார்டியன்னு பேப்பர் வேணும். அப்பா போனப்புறம் எங்ககிட்ட அந்தப் பேப்பர் இல்லாம பேங்க்ல நாலு மாசம் அலைஞ்சோம். இது முடிஞ்சா ராத்திரி யோசனையில பாதி குறையும்.

மோட்டார்கட்டுறவன் எழுதியது:

கோயமுத்தூருங்க, மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வச்சிருக்கேன். எனக்கே ஆட்டிசங்க, 29 வயசுலதான் டாக்டர் எழுதிக் குடுத்தாங்க. அதுவரைக்கும் வீட்டுல திமிர் புடிச்சவன்னு பேரு, அப்பா அடிச்ச அடியெல்லாம் அந்தப் பேருக்குத்தான். பொண்ணுக்கு அஞ்சு வயசு, அவளுக்கும் கொஞ்சம் இருக்குங்க, லேபிள் பிச்செடுக்காம சட்டை போட மாட்டா, குக்கர் விசிலடிச்சா அழுவா. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சுங்கறதால நான் லேபிளைப் பிச்சுடறேன், குக்கர் வைக்கறப்ப அவளத் தூக்கிட்டு வெளிய போயிடறேன், அடிக்கறதில்லைங்க.

இந்த மாதிரிக் கேள்வியப் படிச்சா எனக்கு நெஞ்சு அடைக்குதுங்க, பொறந்துடக்கூடாதுன்னு நினைக்கறது என்னைய மாதிரி ஆளத்தானே. ஆனா உங்க தம்பி நிலைமை வேற, என் நிலைமை வேறன்னு எனக்குத் தெரியும், நான் பேசறேன், சம்பாதிக்கறேன், உங்கம்மா பட்ட பாட்ட எங்கம்மா படல. அதனால பெத்துக்கோங்கன்னு சொல்ல எனக்குத் தகுதி இல்லைங்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன், உங்க தம்பி மாதிரியே ஒரு குழந்தை பொறந்தா கேட்டுல நிக்கற அந்தப் பையனப் பாக்கற மாதிரி அதையும் பாப்பீங்களா? நீங்க எழுதினதப் படிச்சா பாப்பீங்கன்னுதான் தோணுது.

காவிரிக்கரை31 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கோயமுத்தூர் அண்ணா, உங்க மனச நோகடிச்சிருந்தா மன்னிச்சுக்கோங்க. உங்க கேள்விய வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன், ரெண்டு பேரும் ரொம்ப நேரம் எதுவும் பேசல.

மரபணுமேசை, அம்மாகிட்ட கேட்டேன். 38லயே நின்னுடுச்சாம். தம்பியப் பாத்துக்குற கவலையிலதான் அப்படி ஆச்சுன்னு இத்தன வருஷம் நினைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க, டாக்டர்கிட்டகூடச் சொன்னதில்லையாம். ஃபோன்லயே அழுதுட்டாங்க, என்னாலதான் அவன் இப்படியான்னு.

மரபணுமேசை எழுதியது:

அம்மாகிட்ட சொல்லுங்க, கண்ணு கலர் மாதிரி அவங்க கைக்கு வந்தது, அவங்க கைய விட்டுப் போனது, அவங்க பண்ணது எதுவும் இல்ல.

இப்ப தம்பிக்கு ஃப்ரஜைல் எக்ஸ் டெஸ்ட் கண்டிப்பா பண்ணுங்க. வேலூர் சி.எம்.சி. மாதிரி ஜெனடிக்ஸ் பிரிவு இருக்குற இடத்துக்குப் போங்க, அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. தம்பிக்கு இருந்தா உங்ககிட்ட இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்ககிட்டயும் இருந்தா கர்ப்பத்துலயே டெஸ்ட் பண்ணலாம், கருவ வெளிய உருவாக்கி டெஸ்ட் பண்ணி வைக்குற ஐ.வி.எஃப். வழியும் இருக்கு. உங்ககிட்ட இல்லன்னா இந்தக் காரணத்தால உங்க குழந்தைக்கு வராது. ரிசல்ட் கைக்கு வர்ற வரைக்கும் கர்ப்பத்தத் தள்ளி வைங்க, ஆனா ரொம்ப வருஷம் வேண்டாம், இது உங்ககிட்ட இருந்தா உங்களுக்கும் பீரியட்ஸ் சீக்கிரம் நிக்கலாம்.

காவிரிக்கரை31 எழுதியது:

அடுத்த மாசம் போறோம். ஒரே கவலை, தம்பி ஊசியப் பாத்தா நாலு பேர் புடிச்சாலும் நிக்கமாட்டான். ரத்தம் எப்படி எடுக்குறது?

ரெண்டுபிள்ளைத்தாய் எழுதியது:

மரத்துப்போற க்ரீம் இருக்கு தங்கச்சி, டாக்டர்கிட்ட எழுதி வாங்கி ஒரு மணி நேரம் முன்னாடி முழங்கை மடிப்புல தடவி மேல பிளாஸ்டர் ஒட்டிடு. போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தினமும் வெறும் பஞ்ச அந்த இடத்துல வச்சு எடுத்துப் பழக்கு. கூட்டமில்லாத நேரம் கேட்டு வாங்கு. கையில உன் துப்பட்டாவக் குடு.