கைட்டோசான் பொடி யாரிடமாவது இருக்கா?

வணக்கம். நாங்கள் பட்டர்வொர்த். படிவம் 4 படிக்கும் மகள், பள்ளி அறிவியல் போட்டிக்கு இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானால் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கப் போகிறாளாம். ஓட்டைக் காயவைத்துப் பொடித்தாச்சு, வீடு முழுக்கக் கருவாட்டு வாடை! பொடியை வினிகரில் போட்டோம். சுண்ணாம்பு நுரைத்துப் போனது. ஓட்டிலுள்ள கைட்டின் என்ற நார்ப்பொருள் கரையாமல் அடியில் அப்படியே கிடக்கு. அதைக் கைட்டோசானாக்க அடர் காஸ்டிக் சோடாவில் சூடாக்கணுமாம். என் அடுப்படியில் அது நடக்காது.

யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பக்கம் லேப்பில் இருக்கிறவங்க யாராவது 20 கிராம் தயார்ப் பொடி கிடைக்குமிடம் சொல்லுங்களேன், காசு கொடுத்தே வாங்கிக்கிறோம். 1 லிட்டர் சேற்றுத் தண்ணீருக்கு எவ்வளவு விடணும்? கூடிப்போனால் தெளிந்தது திரும்பக் கலங்கும் என்கிறாள். அடுத்த வாரம் போட்டி.