கண்டாங்கிச் சேலைக்கு இரண்டு அங்குல ஹீல்ஸ்: மறுக்கலாமா?

முகப்புத் திண்ணை:
காரைக்குடிக்கு அருகே பழைய நகரத்தார் வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள். அங்கே வரவேற்பில் மூன்று வருடமாக இருக்கிறேன். விடுதியின் பெயர் வேண்டாம். போன வாரம் மேலாளர் ஒரு சுற்றறிக்கை கொடுத்தார். வரவேற்பிலும் உணவுக்கூடத்திலும் வேலை பார்க்கும் பெண்கள் இனி இரண்டு அங்குலத்துக்குக் குறையாத ஹீல்ஸ் போட வேண்டுமாம். ஆண்களுக்குக் கறுப்பு ஷூ போதும். காரணம் கேட்டேன். வெளிநாட்டு விருந்தினர் கண்ணுக்கு நாம் தேர்ந்த பணியாளர்களாகத் தெரிய வேண்டும் என்றார்.

எட்டு மணி நேரத்தில் நான் உட்காருவது ஒரு மணி நேரம்கூட இல்லை. முகப்பில் வரவேற்று, நடு முற்றத்தைச் சுற்றிய வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டு வரை அழைத்துப் போய், மாடி அறையைத் திறந்து காட்ட வேண்டும். வழியெல்லாம் நிலைப்படிகள். இந்த மூன்று வருடத்தில் ஒரு விருந்தினரும் என் காலைப் பார்த்து என் வேலையை எடைபோட்டதாக நினைவில்லை. மறுத்துவிடலாம் என்றிருக்கிறேன். தவறா?

தேவகோட்டை ரஸ்தா:
தவறு என்று சொல்லமாட்டேன் தங்கச்சி, அவசரம் என்பேன். நான் வங்கியில் கடன் பிரிவு அதிகாரி. உயரம் நாலடி பத்து அங்குலம். சேர்ந்த முதல் வருடம் முழுக்கக் கவுன்டருக்கு முன்னால் வந்து நின்று, "அதிகாரி எப்போது வருவார்?" என்று என்னிடமே கேட்டார்கள். ஹீல்ஸ் போடத் தொடங்கிய பிறகு அந்தக் கேள்வி குறைந்தது. எதிரில் நிற்பவரின் கண்ணுக்கு நேராக என் கண் வந்தது. என் குரலிலும் ஒரு நிமிர்வு வந்தது, அதை நானே உணர்ந்தேன். உயரத்தை வைத்து ஆளை மதிப்பது நியாயமில்லை. ஆனால் நியாயம் வந்து சேரும்வரை நான் வீட்டில் காத்திருக்க முடியாது.

இன்னொன்று. குதி உயர்ந்த காலணி பெண்ணை அடக்குவதற்காகப் பிறந்ததல்ல. பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமல் நிற்பதற்காக அதைப் போட்டார்கள். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதியை அரசவையின் அந்தஸ்து அடையாளமாகவே ஆக்கினார். ஆண்கள் போட்டால் அதிகாரம், நான் போட்டால் அடிமைத்தனமா?

ஆத்தங்குடிக் கல்:
தரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் குடும்பத்துக்குக் கல் போடுவதுதான் தொழில். இந்த வீடுகளின் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்டை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்தில் இருக்கிறது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க இன்னும் மெருகேறும். வெறுங்காலுக்கு இதைவிடச் சுகமான தரை கிடையாது. ஆனால் வளவின் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கிறது. ஐப்பசி மழையில் சாரல் சுற்றிலும் தெறிக்கும். அந்த ஈரத்தில், உடம்பின் பாரத்தை ஒரு ரூபாய்க் காசளவு குதியில் தாங்கி, கையில் காப்பித் தட்டோடு வரும் பெண் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? சுற்றறிக்கையில் அது எழுதியிருக்கிறதா அம்மா?

முகப்புத் திண்ணை:
இல்லை ஐயா.

கல்லுக்கட்டி வியாபாரி:
பெரியவர் சொல்வது ஈரத் தரைக்குச் சரி. ஆனால் இங்கே கேள்வி தோற்றத்தைப் பற்றியது. எனக்கு ஜவுளிக்கடை. வாசலில் கால் வைத்த மாத்திரத்தில் வாடிக்கையாளர் நம்மைக் கணித்துவிடுகிறார். சீருடை கேட்கிறோம், தலையை ஒழுங்காக வாரி வரச் சொல்கிறோம், காலணியில் மட்டும் பேசக்கூடாதா? பிரான்சில் 2014-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குதியின் உயரம் கூடக் கூட, அந்தப் பெண்ணுக்கு உதவ முன்வந்த ஆண்களும் கூடினார்கள். பார்ப்பவர் மனம் அப்படி இருக்கும்போது முதலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

கெண்டைக்கால்:
அண்ணே, அந்த ஆய்வை வெளியிட்ட இதழே 2019-ல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. அது நின்றிருந்தாலும் அதில் அளந்தது கவர்ச்சியை. ஒரு பெண்ணின் வேலைத்திறனைப் பிறர் எப்படி மதிக்கிறார்கள் என்பதை அதில் யாரும் அளக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது.

நான் இயன்முறை மருத்துவர். 2010-ல் வெளிவந்த வேறோர் ஆய்வைச் சொல்கிறேன். வாரத்துக்கு ஐந்து முறையாவது, இரண்டு வருடத்துக்குக் குறையாமல், ஐந்து சென்டிமீட்டர் குதி போட்ட பெண்களின் கெண்டைக்கால் தசைநார்கள் சுமார் 13 சதவீதம் குறுகியிருந்தன. குதிகாலின் தசைநாண் தடித்து விறைத்திருந்தது. மேலாளர் கேட்கும் இரண்டு அங்குலம் அந்த ஐந்து சென்டிமீட்டர்தான். என்னிடம் வருகிறவர்கள் சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது. வாரம் முழுக்க ஹீல்ஸில் நின்றுவிட்டு, பிள்ளையார்பட்டிக்குப் போய் வெறுங்காலில் பிராகாரம் சுற்றும்போது கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது என்கிறார்கள்.

கல்லுக்கட்டி வியாபாரி:
திரும்பப் பெற்றது எனக்குத் தெரியாது. அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன். சீருடை முதலாளியின் உரிமை என்பதை விடமாட்டேன்.

கோட்டையூர் ஆச்சி:
பேரன் எழுதித் தருகிறான். என் மாமனார் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்த காலத்தில் வீட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டது என் மாமியார்தான். வெறுங்காலோடு பட்டாலையில் உட்கார்ந்து கணக்குக் கேட்பார். ஒரு காசு பிசகினாலும் கணக்குப்பிள்ளைக்கு வியர்த்துவிடும். கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய கண்டாங்கிதான் அவருக்குக் கடைசிவரை உடை. அவர் சொல்லுக்கு மரியாதை கணக்கிலிருந்து வந்தது. அதுவும் போக, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவதுதான் இந்த வீடுகளின் முறை. அந்த முறையைப் பார்க்கவென்று கடல் கடந்து வருகிறவர்களுக்கு முன்னால் நம் பெண்ணை டக்டக்கென்று நடக்கவிடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

தேவகோட்டை ரஸ்தா:
ஆச்சி, உங்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் உங்கள் மாமியாருக்குப் பின்னால் வீடு நின்றது, சொத்து நின்றது. வெறுங்காலோடு உட்கார்ந்தாலும் அவர் யார் என்று ஊருக்கே தெரியும். என்னை யாருக்கும் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவர் என்னைப் பார்க்கும் முதல் நிமிடத்தில் எனக்கு ஒரு கைப்பிடி வேண்டும். அதை எனக்கு இந்தச் செருப்பு கொடுத்தது.

மானகிரி:
நீங்களாக எடுத்துக்கொண்டது கைப்பிடி அக்கா. மேலாளர் கட்டாயமாகக் கொடுத்தால் அது விலங்கு. 2015 டிசம்பரில் லண்டனில் வரவேற்பு வேலைக்குப் போன நிக்கோலா தார்ப் என்ற பெண், தட்டைச் செருப்பு போட்டு வந்ததற்காகச் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கேட்டதும் இரண்டு முதல் நான்கு அங்குலம்தான். அவருடைய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றக் குழுக்கள் 2017-ல் அறிக்கை கொடுத்தும், இருக்கும் சட்டமே போதும் என்று அரசு சொல்லிவிட்டது. அதே 2017-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா இந்தக் கட்டாயத்தைத் தடை செய்தது, பிலிப்பைன்ஸும் செய்தது.

நம் பக்கம் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் செய்த திருத்தப்படி ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும். தங்கும் விடுதியும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. தங்கச்சி, கடிதத்தை ஹீல்ஸில் தொடங்காதீர்கள். முதல் வரியில் நாற்காலியைக் கேளுங்கள்.

முகப்புத் திண்ணை:
எழுதிவிட்டேன். முதலில் நாற்காலி. அடுத்து ஈரத் தரையைப் பற்றி, ஐயா சொன்னபடியே. மூன்றாவதாக, ஆண்களுக்கு உள்ளதுபோல எங்களுக்கும் சுத்தமான கறுப்புக் காலணி போதும் என்று கேட்டிருக்கிறேன். சேர்ந்து வேலை பார்க்கும் நான்கு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள். திங்கட்கிழமை கொடுக்கிறேன்.

தேவகோட்டை ரஸ்தா:
விருப்பமுள்ளவர் ஹீல்ஸ் போடலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள் தங்கச்சி. உன் இடத்தில் நாளை என்னைப்போல் ஒருத்தி வரலாம். எங்கள் கிளையில் கவுன்டர் தரையிலிருந்து நாலடி. அதை ஓர் அடி இறக்கித் தரட்டும், மறுநாளே தட்டைச் செருப்பில் வருகிறேன். அதுவரை கழற்றமாட்டேன்.

முகப்புத் திண்ணை:
சேர்த்துவிட்டேன் அக்கா.