டேபிள்ஸ்பூன் 15 மில்லியா, 20 மில்லியா?

மூன்று வாரத்தில் ஒரே கேக்கை நான்கு முறை செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஓவனில் நன்றாக எழும்பி, கடைசியில் நடுவே குழி விழுந்துவிடுகிறது. லேசான கசப்பு வேறு.

குறிப்பில் மைதா 375 கிராம், பேக்கிங் பவுடர் 1 டேபிள்ஸ்பூன். எந்த நாட்டுக் குறிப்பு என்று எங்கேயும் போடவில்லை.

பேக்கிங் பவுடரைப் புதிதாக வாங்கிப் பார்த்தேன். ஓவனுக்குள் தனி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாக 180 டிகிரி. அப்புறம்தான், பேக்கிங் பவுடர் அதிகமாகிவிடுகிறதோ என்று ஸ்பூன் மேல் சந்தேகம் வந்தது. அதில் மில்லி அளவு எதுவும் பொறிக்கவில்லை. தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்தால் 20 கிராம்! அது ஆஸ்திரேலிய அளவு. அங்கே ஒரு டேபிள்ஸ்பூன் என்றால் 4 டீஸ்பூன். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 3 டீஸ்பூன், அதாவது சுமார் 15 மில்லி. டீஸ்பூனாவது எல்லா இடத்திலும் ஏறக்குறைய 5 மில்லியாக இருக்கிறதே, அந்த மட்டும் நல்லது.

எடை கிராமில், வெப்பம் செல்சியஸில் இருப்பதால் அமெரிக்கக் குறிப்பாக இருக்காது என்று நினைக்கிறேன். பிரிட்டனா ஆஸ்திரேலியாவா என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

நாடு போடாத குறிப்பில் டேபிள்ஸ்பூன் 15 மில்லியா 20 மில்லியா என்று நீங்கள் எதை வைத்து முடிவு செய்வீர்கள்?