ரோம் போயிட்டு வந்தவங்க யாராவது இருக்கீங்களா? பரோக் (17ம் நூற்றாண்டு ஆடம்பரக் கட்டடப் பாணி) சர்ச் பத்தி ஒரு உதவி

மக்களே, அம்மாவோட ரோம் போறேன், வாட்டிகன்லாம் டூர்லயே வந்துடும், எனக்கு அந்தக் கால கட்டடக் கலைஞர் பொரோமினி கட்டின சர்ச்சுங்களை நிதானமா பாக்கணும். சான் கார்லோ 1638ல ஆரம்பிச்சது, குட்டி இடம்தான் ஆனா முகப்பே வளைஞ்சு நெளிஞ்சு நிக்கும், உள்ள நீள்வட்ட டோம், அதே ரோட்டுலயே இன்னொரு கட்டடக் கலைஞர் பெர்னினியோட சான்ட் ஆண்ட்ரியா சர்ச்சும் இருக்கு (ரெண்டு பேருக்கும் ஆகாதுங்கறது தனிக்கதை). உச்சியில சுருள் சுருளா ஏறுற பொரோமினியோட சான்ட் இவோ சர்ச் ஞாயிறு காலையில மட்டும்தான் திறப்பாங்கன்னு கேள்விப்பட்டேன், இப்பவும் அப்படித்தானா? அப்புறம் பொரோமினி கட்டாத சான்ட் இக்னாசியோ சர்ச்லயும் ஒரு சந்தேகம், அங்க டோமே கிடையாது, 1685ல ஓவியர் போட்ஸோ துணியில வரைஞ்ச டோம்தான், எங்க நின்னு பாத்தா நிஜம் மாதிரி தெரியும்? மதியம் பூட்டிடுவாங்களா? அம்மாவுக்கு மூட்டுவலி, எல்லாத்தையும் ஒரே நாள்ல நடந்து முடிக்கலாமா இல்ல பிரிச்சுக்கணுமா, சொல்லுங்கப்பா ப்ளீஸ்.