கஞ்சக்கருவிக்குப் பதில் ‘உடலதிர் கருவி’?

நண்பர்களுக்கு வணக்கம்.

இசைக்கருவி வகைப்பாட்டின் முதல் வகுப்புக்கு, அதாவது உடம்பே அதிர்ந்து ஒலிக்கும் கருவிகளுக்கு (ஆங்கிலத்தில் இடியோஃபோன்), கஞ்சக்கருவி என்ற பெயரே போதும் என்று இந்த இழையில் இருவர் எழுதியிருந்தீர்கள். பழகிய சொல், விட எனக்கும் மனமில்லை. ஆனால் கஞ்சம் என்றால் வெண்கலம்; கடத்தை எங்கே வைப்பது? அது மண். மோர்சிங் இரும்பு. ஜலதரங்கத்துக்குப் பீங்கான் கிண்ணங்கள்.

வீணையில் இருப்பது உலோகக் கம்பிதானே, அதை மட்டும் நரம்புக்கருவி என்கிறோமே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். நரம்பு கம்பியானாலும், இழுத்துக் கட்டிய ஒன்று அதிர்கிறது என்ற பொருள் அங்கே கெடவில்லை. கஞ்சம் என்பதோ வெண்கலத்தின் பெயர், அவ்வளவுதான். எது அதிர்கிறது என்று அது சொல்வதில்லை.

இசையியலாளர்கள் ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் 1914-இல் வெளியிட்ட வகைப்பாடு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. ஜலதரங்கத்தைப் பாருங்கள். கிண்ணத்தில் தண்ணீர் கூடக்கூடச் சுருதி இறங்கும். ஆனால் ஒலிப்பது தண்ணீர் இல்லை, குச்சி பட்ட கிண்ணம். கட்டிய தோலும் இல்லை, இழுத்த கம்பியும் இல்லை, கருவியின் உடம்பே அதிர்கிறது.

இந்த வகுப்புக்குத் ‘தன்னொலிக் கருவி’ என்றும் சொல்லலாம்; அழகான சொல், ஆனால் தானாகவே ஒலிக்கும் கருவி என்ற மயக்கம் வரும். அவர்களுக்கு முன் பெல்ஜிய இசைக்கருவி அறிஞர் மஹியோன் இதே வகுப்புக்கு வைத்த ‘ஆட்டோஃபோன்’ தானியங்கிக் கருவியை நினைவூட்டியதால்தான் ‘இடியோஃபோன்’ வந்தது. அந்தச் சிக்கலை நாம் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பரிந்துரை: உடலதிர் கருவி. கூடவே தோல், நரம்பு, துளைக்கருவிகளுக்கு முறையே சவ்வதிர், நரம்பதிர், காற்றதிர். செயற்கைத் தோல் போட்ட முழவும் சவ்வதிர்தான். ஆர்மோனியத்தைத் துளைக்கருவி என்று சொல்ல நாக்கு கூசும், காற்றதிர் என்றால் சரியாக உட்காருகிறது.

கிதாரின் உடலும் அதிருமே என்பீர்கள். அதிரும், ஆனால் கம்பி அதிர்ந்த பிறகு. முதலில் அதிர்வது எது என்றுதான் பார்க்கிறோம்.

அப்புறம், அந்த வகைப்பாட்டில் முதல் வகுப்பின் உட்பிரிவு 12-க்கு, அதாவது நாக்கைச் சுண்டி ஒலிக்கும் கருவிகளுக்கு, ‘மீட்டு’ என்ற வினை எனக்கு ஒட்டவில்லை. மோர்சிங்கின் நாக்கை விரலால் சுண்டுகிறோம். ‘சுண்டு உடலதிர் கருவி’ என்று வைக்கலாமா? வாசிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.