ரவேலின் பியானோ ட்ரியோ: ‘பாந்தூம்’ நடுப்பகுதியில் தாளம் பிரிகிறது, உதவி தேவை

வணக்கம். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ரவேல் பியானோ, வயலின், செலோ மூன்றுக்குமாக 1914இல் எழுதி முடித்த ஏ மைனர் பியானோ ட்ரியோவைச் சில மாதங்களாக மூவர் பயின்று வருகிறோம். முதல் பகுதியில் 3+2+3 எனப் பிரியும் எட்டு எண்ணிக்கை கைவந்துவிட்டது. ஆனால் ‘பாந்தூம்’ என்னும் இரண்டாம் பகுதியின் நடுவில், வயலினும் செலோவும் 3/4 தாளத்தில் (மூன்று எண்ணிக்கை) துள்ளி ஓடிக்கொண்டிருக்க, பியானோ 4/2 தாளத்தில் (நான்கு நீண்ட எண்ணிக்கை) அகன்ற சுரக்கூட்டுகளைத் தொடங்கும் இடத்தில், இந்தப் படைப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த அந்த இடத்தில், நாங்கள் பிரிந்துவிடுகிறோம்.

தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமை மெதுவாக வைத்தும், பியானோ பாகத்தைத் தனியே பயின்றும், செலோ வாசிப்பவர் தலையசைத்துக் காட்டியும் பார்த்தோம். மெதுவாக வாசித்தால் சேர்கிறது. உரிய வேகத்தில் சில வரிகளுக்குள் பியானோ பின்தங்குகிறது. மூவர் பாகங்களும் சேர்ந்த முழு ஸ்கோர் பியானோ வாசிப்பவரிடம் மட்டுமே இருக்கிறது.

இதை மேடையில் வாசித்தவர்கள் சொல்லுங்கள்: அந்த இடத்தில் யாருடைய எண்ணிக்கையை மற்ற இருவரும் பின்பற்ற வேண்டும்?